ஸ்பானிய மொழி கற்க எத்தனை நாள்?

ஒரு மொழியைக் கற்றுத் தேற எத்தனை நாள் ஆகும் என்று மாணவர் கேளாத ஆண்டு ஒன்று என் ஆசிரியப் பணியில் இருந்ததாக நினைவில்லை. முன்பு ஆங்கிலத்தைக் குறித்துக் கேட்டனர். பின்னாளில் ஜெர்மன், ஜப்பான் மொழி, ஸ்பானிய மொழி எனக் கேள்வியின் பொருள் விரிந்தது, கேள்வி மாறவில்லை. ஸ்பானிய மொழி இன்று இருபது நாடுகளில் அரசு மொழி. அதனைத் தாய்மொழியாகக் கொண்டோர் நாற்பத்தைந்து கோடிக்கு மேற்பட்டோர். ஆகவே அம்மொழியை எடுத்துக்கொண்டு இவ்வினாவை ஆராய்வது பொருந்தும்.

வினாவுக்கு நேரான விடை ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டு அரசு, தன் தூதரக அலுவலர்களுக்குப் பிறமொழி கற்பிக்க 1947ஆம் ஆண்டில் ஒரு பயிற்சிக் கழகம் நிறுவிற்று. வாரத்துக்கு 25 மணி நேரம் வகுப்பு; அதற்கு மேல் நாள்தோறும் சில மணி நேரம் சொந்தப் படிப்பு. இந்த முறையில், ஆங்கிலம் பேசும் ஒருவர் ஸ்பானிய மொழியில் அலுவல் பார்க்கும் அளவு தேர்ச்சி பெற 24 முதல் 30 வாரம், அதாவது 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் வேண்டும் என்று தம் அனுபவத்தால் அக்கழகத்தார் கணக்கிட்டனர். நம் தமிழுக்கு அவர்கள் வகுத்த காலம் 44 வாரம், 1,100 மணி. சீனம், ஜப்பான் மொழி, அரபு ஆகியவற்றுக்கு 88 வாரம். ஸ்பானியத்தைவிடத் தமிழ் கடினமானது என்பது இதன் பொருளன்று. ஆங்கிலேயனுடைய நாவுக்கும் காதுக்கும் தொலைவானது என்பதே பொருள்.

நம் பள்ளிக் கணக்கில் இதை வைத்துப் பாருங்கள். வாரத்துக்கு ஐந்து பாடவேளை, வேளைக்கு 45 நிமிடம், ஆண்டுக்கு 40 வாரம் என்று கொண்டால் 150 மணி நேரம் கிடைக்கும். 750 மணியை எட்ட ஐந்து ஆண்டு வேண்டும். அந்த ஐந்தாண்டில் விடுமுறை வரும், தேர்வு வரும், ஆசிரியர் மாற்றலாகிப் போவார். தூதரக அலுவலர் ஏழு மாதத்தில் முடிப்பதை நாம் ஐந்தாண்டில் பரப்பி வைக்கும்போது இடையில் மறதி தன் பங்கை வாங்கிக்கொள்கிறது. நான் பயிற்சிக் கல்லூரியில் படித்த நாளில் பயிற்றுமுறைகளைப் பற்றி மிகுதியாகச் சொல்லிக் கொடுத்தார்கள். மறதியைப் பற்றிச் சொன்னது குறைவு.

தமிழ் மாணவனுக்கு ஸ்பானிய மொழியில் சில வசதிகள் உண்டு. அங்கே உயிரொலி ஐந்தே, எழுதியபடியே ஒலிக்கும். ‘பெரோ’ என்றால் ‘ஆனால்’. ‘பெறோ’ என்றால் ‘நாய்’. இந்த ரகர றகர வேறுபாட்டை இலண்டன் மாணவனுக்கு உணர்த்த ஆசிரியர் படாத பாடு படுவார். நமக்கு அஃது அரிச்சுவடியிலேயே இருக்கிறது, வாயில் இருக்கிறதோ இல்லையோ. ஞகரமும் அவர்களுக்கு உண்டு. குழந்தையை ‘நீஞோ’ என்பார்கள். ‘ஆப்லோ’ என்ற ஒரே சொல் ‘பேசுகிறேன்’ எனப் பொருள் தரும்; ‘நான்’ என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை, நம் தன்மை ஒருமை விகுதி போலவே அங்கும் விகுதி வேலை செய்கிறது. ‘மே குஸ்தா’ என்பது ‘எனக்குப் பிடிக்கிறது’ என்னும் நம் தொடரை ஒத்த அமைப்பு. ஆங்கிலம் வழியாக ஸ்பானியம் கற்கும் தமிழன் இந்த இடத்தில் வீணாக ஒரு சுற்றுச் சுற்றுகிறான் என்பது என் கருத்து.

இடர்ப்பாடுகளும் உண்டு. உயர்திணை, அஃறிணை என்று பகுத்தறிந்து பழகிய நமக்கு, மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்பது விளங்குவதில்லை. ‘இருத்தல்’ என்பதற்கு இரண்டு வினைச்சொற்கள். ஒன்று இயல்பைக் குறிக்கும், மற்றொன்று நிலையைக் குறிக்கும். விருப்பம், ஐயம், அச்சம் ஆகியவற்றைச் சொல்லும்போது வினை வேறு வடிவம் கொள்ளும். இவை பழக்கத்தால் வருவனவேயன்றி விதியால் வருவன அல்ல.

இவ்வளவும் இன்றைய கணக்கு. புத்தகமும் வகுப்பும் இல்லாத நாளில், பிறர் நாட்டில், பிறர் கையில் அகப்பட்டு இம்மொழியைக் கற்றவர்கள் எவ்வளவு காலத்தில் கற்றார்கள்? ஒரு தனி மனிதன் கற்பதற்கும் ஒரு மக்கட்கூட்டம் கற்பதற்கும் காலம் ஒன்றாக இருந்ததா? இதற்குச் சரித்திரம் தரும் விடை நமக்குப் பயன்படுவது.

1492ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் கொலம்பஸ் ஸ்பெயினின் பாலோஸ் துறையிலிருந்து பாய் விரித்தார். பதினைந்து நாள் கழித்து, ஆகஸ்டு 18ஆம் நாள், சாலமன்கா நகரில் ஒரு புத்தகம் அச்சாகி வெளிவந்தது. அந்தோனியோ தெ நெப்ரிஹா என்னும் பேராசிரியர் இயற்றிய கஸ்தீலிய மொழி இலக்கணம் அது. கஸ்தீலியம் என்பதே நாம் ஸ்பானியம் என்று கூறும் மொழி. இலத்தீனுக்கே இலக்கணம் உண்டு, பேச்சுமொழிக்கு எதற்கு என்று எண்ணிய காலம். இசபெல் அரசியும் இதனால் என்ன பயன் என்று வினவினாராம். அருகிலிருந்த ஆவிலா நகரத்து ஆயர், புலவருக்காகத் தாமே விடை கூறினார் என்று நெப்ரிஹா தம் முன்னுரையில் எழுதியுள்ளார். அரசி பல அயல் நாட்டாரை வென்று அடக்குவார். வென்றவர் சட்டத்தையும் மொழியையும் தோற்றவர் ஏற்க வேண்டிவரும். அப்போது இந்நூல் அவர்களுக்குப் பாடநூலாகும் என்பது அவ்விடையின் கருத்து. நூலின் ஐந்தாம் பகுதி, பிறமொழியாளர் கஸ்தீலியம் கற்பதற்காகவே எழுதப்பட்டது. அமெரிக்கக் கரை கண்ணில் படுவதற்கு முன்பே, அக்கரையோருக்கான பாடம் ஆயத்தமாக இருந்தது என்று சொல்லத் தோன்றும்.

நடந்தது வேறு. நெப்ரிஹா 1522இல் மறையும் வரை அந்நூல் மறுபதிப்புக் காணவில்லை. அவர் எழுதிய இலத்தீன் இலக்கணமோ பன்முறை அச்சாயிற்று. கடல் கடந்து சென்ற பாதிரிமார் அதனையே முன்மாதிரியாகக் கொண்டு, அங்குள்ள மக்களின் மொழிகளுக்கு இலக்கணம் எழுதினார்கள். கஸ்தீலியத்தைக் கற்பிக்க எழுதிய நூல் தூங்க, அவருடைய மற்றொரு நூல் பிறமொழிகளைக் கற்க உதவிற்று!

கொலம்பஸ் தம்முடன் ஒரு துபாஷியையும் அழைத்துச் சென்றார். துபாஷி என்னும் சொல் நமக்குப் புதியதன்று. புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை அப்பதவியில் இருந்தவர். கொலம்பஸின் துபாஷி லூயிஸ் தெ தோரெஸ் என்பவர். எபிரேயமும் அரமேயமும் அறிந்தவர். ஓரளவு அரபும் வரும். ஆசியாவுக்குப் போவதாக நினைத்த பயணத்துக்கு அது தக்க ஏற்பாடே. கியூபாத் தீவினுள்ளே சீனப் பேரரசனைத் தேடி அவரை அனுப்பினார்கள். அவர் கண்டது ஒரு சிற்றூரை; கற்ற மொழி ஒன்றும் அங்கே செல்லவில்லை.

ஆகவே மறுவழி பார்த்தனர். 1492 அக்டோபரில் முதல் தீவிலிருந்தே சிலரைப் பிடித்துக் கப்பலில் ஏற்றினர். ஸ்பெயினுக்குக் கொண்டுபோகப்பட்டவருள் ஓர் இளைஞனுக்கு ஞானஸ்நானம் கொடுத்துத் தியேகோ கொலோன் என்று பெயரிட்டனர். அடுத்த ஆண்டு கொலம்பஸின் இரண்டாம் பயணத்தில் அவன் துபாஷியாகத் திரும்பி வந்தான். ஓராண்டு! நாம் பள்ளியில் நெடுங்கணக்கும் எளிய வாக்கியமும் முடிக்கும் காலம் அது. ஆயினும் அவனுக்கு வகுப்பு நாள் முழுதும் நடந்தது. வீடு திரும்பும் மணி அடிக்கவில்லை. அவனைப் போன்று பிடித்துச் செல்லப்பட்ட பலர் நோயால் இறந்துபட்டனர். இந்த விலையை விட்டுவிட்டு அந்த வேகத்தை மட்டும் வியப்பது தகாது.

மெக்ஸிகோ நாட்டு வரலாற்றில் இதைக்காட்டிலும் தெளிவான சான்று இருக்கிறது. 1511இல் ஒரு ஸ்பானியக் கப்பல் உடைந்து, அதிலிருந்தவர் சிலர் யுகத்தான் கரையில் ஒதுங்கினர். எட்டாண்டுக்குப் பின் இருவரே எஞ்சியிருந்தனர். ஒருவர் ஹெரோனிமோ தெ ஆகிலார். மற்றவர் கொன்சாலோ கெர்ரேரோ. இருவரும் மாயா மக்களிடையே வாழ்ந்து அவர்கள் மொழியைப் பேசினர். 1519இல் கோர்த்தெஸ் படையுடன் வந்து அழைத்தபோது கெர்ரேரோ வர மறுத்தார். மனைவியும் மூன்று மக்களும் உள்ளனர், முகத்தில் பச்சை குத்தியிருக்கிறேன், இனி அங்கு வந்து என்ன செய்வேன் என்றார். ஆகிலார் வந்தார். வந்தவருக்குத் தாய்மொழி சரியாக வாயில் வரவில்லை. சொற்கள் குழறின என்று அப்படையில் வீரராக இருந்த பெர்னால் தியாஸ் எழுதி வைத்திருக்கிறார். புதுமொழி கற்க எத்தனை ஆண்டு என்று கேட்பவர்கள், பிறந்த மொழி குழற எட்டாண்டு போதும் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளலாம்.

அதே 1519இல் தபாஸ்கோ நாட்டார் போரில் தோற்றுக் கோர்த்தெஸுக்கு இருபது பெண்களைக் காணிக்கையாகக் கொடுத்தனர். அவர்களுள் ஒருத்தியை ஸ்பானியர் மரீனா என்றனர். நாட்டார் மலின்சின் என்றனர். ‘சின்’ என்பது அவர்கள் மொழியில் மரியாதை விகுதி. நம் ‘ஆர்’ விகுதி போன்றது. பிறப்பால் அவள் பேசியது நாவாத் மொழி. அடிமையாக விற்கப்பட்ட இடத்தில் மாயா மொழியும் கற்றாள். கோர்த்தெஸ் ஸ்பானியத்தில் கூறுவதை ஆகிலார் மாயா மொழியில் சொல்வார். அதை மரீனா நாவாத்தில் சொல்வாள். மறுமொழி இதே ஏணியில் ஏறிவரும். மொக்தெசூமா என்னும் பேரரசருடன் கோர்த்தெஸ் 1519 நவம்பரில் பேசியது இவ்வாறே. மூன்று மொழியில் இரண்டு வாய் கடந்து ஒரு பேரரசின் கதி பேசப்பட்டது.

மரீனா இந்த ஏணியின் ஒரு படியைத் தானே எடுத்துவிட்டாள். ஸ்பானிய மொழியைக் கற்றுக்கொண்டாள். 1524இல் கோர்த்தெஸ் ஹோண்டுராஸ் நாட்டை நோக்கிப் படை நடத்தியபோது ஆகிலார் உடன் செல்லவில்லை. துபாஷி மரீனா ஒருத்தியே. அடிமையாகக் கொடுக்கப்பட்ட பெண், எழுத்தறியாமல், இலக்கணமறியாமல், போர் நடுவில், ஐந்தாண்டுக்குள் மூன்றாவது மொழியில் ஓர் அரசியலை நடத்தும் ஆற்றல் பெற்றாள். அவள் குரலன்றி வேறு குரல் கேளாத மக்கள் கோர்த்தெஸையே ‘மலின்சே’ என்று அவள் பெயரால் அழைத்தார்கள். பிற்காலத்து மெக்ஸிகோவில் அப்பெயர் வசையாகவும் வழங்கிற்று. தன்னினத்தைக் காட்டிக் கொடுத்தவள் என்பது பழி. அவளை விற்றவர்கள் எவ்வினத்தார் என்பதைப் பழி கூறுவோர் கேட்பதில்லை. இவ்விஷயத்தில் நான் அவள் பக்கமே நிற்பேன்.

விரைந்து கற்றவர் எல்லாரும் நன்கு கற்றவர் அல்லர். பெரு நாட்டில் பிஸாரோவுக்குப் பெலிபில்லோ என்னும் இளைஞன் துபாஷியாக வாய்த்தான். இவனைக் குறித்து இன்கா கார்சிலாசோ தெ லா வேகா எழுதியிருப்பது மொழியாசிரியர் ஒவ்வொருவரும் படிக்கத் தக்கது. பெலிபில்லோ தலைநகரத்துக் கெச்சுவா மொழியையும் செம்மையாக அறியான். ஸ்பானியத்தைப் படைவீரர்களிடம் கற்றதால் அவர்கள் வாயில் அடிக்கடி வரும் ஆணைகளும் வசவுகளுமே அவனுக்கு மிகுதியும் தெரியும். 1532 நவம்பரில் கஹமார்க்காவில், இன்கா மன்னர் அதவால்பாவுக்குப் பாதிரியார் தம் சமயக் கொள்கையை உரைத்தார். ஒரே கடவுள் மூவராய் இருக்கிறார் என்பதை, மூன்று கடவுளும் ஒரு கடவுளும் சேர்ந்து நான்கு என்று அவன் கூட்டிச் சொன்னான் என்கிறார் கார்சிலாசோ. அன்று மாலையே மன்னர் சிறைப்பட்டார், 1533இல் கொல்லப்பட்டார். துபாஷி திறமையாகப் பேசியிருந்தால் ஸ்பானியர் பொன்னாசை தணிந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. சந்தையில் பொருள் வாங்கும் அளவு மொழி வேறு, தத்துவம் பேசும் அளவு மொழி வேறு. அந்த இடைவெளியில் ஒரு மன்னர் நின்றார் என்பதையே குறிப்பிடுகிறேன்.

அந்த இடைவெளியைக் கடந்தவர் கார்சிலாசோவே. அவர் 1539இல் குஸ்கோ நகரில் பிறந்தார். தாய் இன்கா அரச குலம். தந்தை ஸ்பானியப் படைத்தலைவர். தாய்வழியில் கெச்சுவாவும் தந்தைவழியில் ஸ்பானியமும் தொட்டிலிலேயே வந்தன. இருபத்தோராம் வயதில் ஸ்பெயினுக்குச் சென்றார். 1590இல் அவர் வெளியிட்ட முதல் நூல், இத்தாலிய மொழியிலிருந்து ஸ்பானியத்துக்கு அவரே செய்த மொழிபெயர்ப்பு. 1609இல் இன்கா மன்னர் வரலாற்றை வெளியிட்டார். ஸ்பானிய உரைநடையில் தலைசிறந்தவற்றுள் அஃது ஒன்று. ஐம்பது வயதில்தான் அவர் முதல் நூல் வந்தது என்பதை, ஆறு மாதத்தில் புலமை வேண்டுவோர் கருதிப் பார்க்க வேண்டும்.

அதே பெரு நாட்டில் குவாமன் போமா என்பவர் தம் மக்கள் படும் துயரத்தை ஸ்பெயின் அரசருக்குத் தெரிவிக்க ஏறத்தாழ 1,200 பக்கத்தில் ஒரு நீண்ட முறையீடு எழுதினார். 398 படங்களும் தம் கையால் வரைந்தார். 1615 அளவில் முடிவுற்ற அந்நூலின் ஸ்பானியம் இலக்கணம் வழுவியது. கெச்சுவாவின் நடை ஊடே தலைகாட்டும். என் கையில் விடைத்தாளாக வந்திருந்தால் சிவப்பு மையே தீர்ந்திருக்கும். ஆயினும் அவர் சொல்ல விரும்பியது ஒன்றும் விடுபடவில்லை. அரசர் அதைப் படித்தாரில்லை. 1908இல் கோபன்ஹேகன் நகரத்து அரசு நூலகத்தில் அது கண்டெடுக்கப்பட்டது. இன்று அந்நாட்டு வரலாறு எழுதுவோர் அதனைத் தொடாமல் ஓரடியும் வைக்க முடியாது. கற்ற மொழியில் பிழையிருக்கிறதே என்று வாய் திறவாமல் இருப்போருக்காகவே இதைச் சற்று விரித்துக் கூறினேன்.

இதுவரை தனி மனிதர்களைப் பார்த்தோம். ஓராண்டு, ஐந்தாண்டு, ஒரு வாழ்நாள் என்பது அவர்கள் கணக்கு. மக்கட்கூட்டம் முழுமைக்கும் மொழி கற்பிக்க அரசர் முயன்றபோது கணக்கு அடியோடு மாறிவிட்டது.

1550இல் ஐந்தாம் சார்லஸ் மன்னர், அமெரிக்க மக்களுக்குக் கஸ்தீலியம் கற்பிக்கும்படி ஆணையிட்டார். கற்பிக்க ஆசிரியர் இல்லை. பாதிரிமார் மக்கள் மொழியைத் தாம் கற்பதே விரைவு எனக் கண்டனர். ஆந்திரெஸ் தெ ஒல்மோஸ் 1547இலேயே நாவாத் மொழி இலக்கணத்தை முடித்திருந்தார். தொமிங்கோ தெ சாந்தோ தோமாஸ் 1560இல் கெச்சுவா இலக்கணத்தை அச்சிட்டார். மெக்ஸிகோவின் தலாதெலோல்கோவில் 1536இல் தொடங்கிய கல்லூரியில் நாவாத் இளைஞர்கள் இலத்தீனையே படித்துத் தேர்ந்தார்கள். இரண்டாம் பிலிப்பு மன்னர் 1570இல் நாவாத்தையே அந்நாட்டு மக்களுக்குப் பொதுமொழியாக ஏற்றார். 1596இல் அவருடைய ஆலோசனைச் சபை, மக்கள் தம் மொழியைக் கைவிட்டுக் கஸ்தீலியமே பேசும்படி வற்புறுத்த வேண்டும் என்றது. மன்னர் இசையவில்லை. பிறந்த மொழியைக் கட்டாயத்தால் விடச் செய்வது தகாது. தாமே விரும்பிக் கற்போருக்கு ஆசிரியரை ஏற்படுத்துக என்று விடையளித்தார். பல வகையில் கடுமையான மன்னர் அவர். இந்த ஒரு விடையில் அவர் பெரும்பாலான கல்வி அதிகாரிகளைவிட நல்ல ஆசிரியராகத் தோன்றுகிறார்.

மூன்றாம் சார்லஸ் மன்னருக்கு அந்தப் பொறுமை இல்லை. 1770 மே மாதத்தில், பல்வேறு மொழிகளும் அற்றுப்போய்க் கஸ்தீலியம் ஒன்றே பேசப்பட வேண்டும் என்று ஆணை பிறந்தது. அதன் பின் ஐம்பத்தோராண்டில், 1821இல், மெக்ஸிகோ விடுதலை பெற்றபோது அந்நாட்டில் பெரும்பான்மையோர் தம் பழைய மொழிகளையே பேசிக்கொண்டிருந்தனர். முந்நூறு ஆண்டு ஆட்சி, இரண்டு மூன்று அரசாணை, இவ்வளவே பயன். மன்னர் ஆணையால் ஆகாததைப் பின்வந்த குடியரசின் பள்ளிக்கூடமும் சாலையும் சந்தையும் படைச் சேவகமும் செய்தன. தாய்மொழியில் பேசிய குழந்தையைப் பள்ளியில் தண்டித்ததும் உண்டு. 2020ஆம் ஆண்டு மக்கட்கணக்கில் அங்கே பழங்குடி மொழி பேசுவோர் 73 இலட்சம். நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பேர். அவர்களுக்கு மொழியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. வகுப்பறைக்கு ஒரு மொழியைச் சேர்க்கும் ஆற்றலும் உண்டு, ஒரு மொழியைக் கழிக்கும் ஆற்றலும் உண்டு. முதலதைச் செய்யும்போது இரண்டாவதையும் தாமறியாமலே செய்துவிடும் ஆசிரியர்கள் எந்நாட்டிலும் இருக்கிறார்கள்.

அவ்வாறன்றிப் பராகுவே நாட்டில் இரண்டும் நிலைத்தன. அங்கே பழங்குடியல்லாத மக்களும் வீட்டில் குவாரனி பேசுகின்றனர். 1992 அரசமைப்பு ஸ்பானியத்துடன் குவாரனியையும் அரசு மொழியாக்கிற்று. ஸ்பானியம் கற்றால் பிறந்த மொழி போயாக வேண்டும் என்பது இயற்கை விதியன்று என்பதற்கு இந்நாடு சாட்சி.

ஆசியாவில் ஸ்பானியர் ஆண்ட நாடு பிலிப்பைன்ஸ். 1565 முதல் 1898 வரை 333 ஆண்டு ஆண்டனர். இங்கும் பாதிரிமார் மக்கள் மொழியிலேயே போதித்தனர். ஸ்பானியம் கற்பிக்கும் தொடக்கப் பள்ளிகளுக்கான ஆணை 1863இல்தான் வந்தது. விடுதலை வேட்கையை எழுப்பிய ஹோசே ரிசால் 1887இல் தம் நாவலை ஸ்பானிய மொழியில் எழுதினார். ஆயினும் அவர் நாட்டாரில் மிகச் சிலரே அதை மூலத்தில் படிக்க வல்லவராயிருந்தனர். 1898இல் அமெரிக்கர் வந்து ஆங்கிலப் பள்ளிகளைத் திறந்தனர். பள்ளியின் வலிமையால் ஆங்கிலம் ஒரு தலைமுறையில் பரவிய அளவு, ஸ்பானியம் மூன்று நூற்றாண்டில் பரவவில்லை.

அந்த நாட்டில், 1610ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லாமல் இப்பேச்சை முடிக்க எனக்கு மனமில்லை. பத்தான் மாகாணத்தில் ஓர் அச்சுக்கூடம் இருந்தது. நம் தமிழ் எழுத்துகள் கொல்லத்தில் அச்சேறிய 1578க்கு முப்பத்திரண்டு ஆண்டு பிற்பட்ட காலம். பிரான்சிஸ்கோ பிளாங்காஸ் தெ சான் ஹோசே என்னும் பாதிரியார் எழுதிய தகாலோக் மொழி இலக்கணம் அவ்வாண்டு அங்கே அச்சாயிற்று. அதை அச்சுக் கோத்தவர் அவ்வூர்த் தகாலோகர் ஒருவர். பெயர் தோமாஸ் பின்பின். ஸ்பானியர் நம் மொழியைக் கற்க நூல் செய்கிறோமே, நம்மவர் ஸ்பானியம் கற்க நூல் எங்கே என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அதே ஆண்டில், அதே அச்சுக்கூடத்தில், தகாலோகர் ஸ்பானிய மொழி கற்பதற்கான புத்தகத்தைத் தாமே எழுதி வெளியிட்டார். அரசர் கட்டளையிடவில்லை, சபை தீர்மானிக்கவில்லை. ஒரு மாணவன் தன் தோழர்களுக்கு எழுதிய பாடநூல் அது.

அந்நூலில் சொற்பட்டியல்கள் உண்டு, உரையாடல்கள் உண்டு. பின்பின் செய்த சிறந்த வேலை பாடல்கள். ஒரு தொடர் தகாலோக்கில் வரும். அதே பொருளை அடுத்த தொடர் ஸ்பானியத்தில் சொல்லும். பாடிக்கொண்டே போகலாம். பொருள் தெரிந்த சொல்லிலிருந்து தெரியாத சொல்லுக்குக் கைபிடித்து நடத்தும் இந்த உத்தியை எங்களுக்குப் பயிற்சிக் கல்லூரியில் புதுக்கண்டுபிடிப்பு என்று கற்பித்தார்கள். தகாலோக் மொழியிலும் நம் தமிழைப் போலவே உதட்டைப் பல்லால் தொட்டு ஊதும் ஒலி கிடையாது. ஆதலால் ஸ்பானியரின் ‘ஃபியெஸ்தா’ அவர்கள் வாயில் ‘பிஸ்தா’ ஆயிற்று. திருவிழா அதனால் குறைவுபடவில்லை.

1987 அரசமைப்பு பிலிப்பைன்ஸில் ஸ்பானியத்தை அரசு மொழியாக வைக்கவில்லை. விரும்புவோர் கற்கலாம் என்ற அளவில் நிறுத்திற்று. கல்லூரியில் கட்டாய ஸ்பானியப் பாடமும் அவ்வாண்டு அளவில் நீங்கிற்று. ஆனால் அந்நாட்டின் தென்கோடியில், ஸம்போவாங்கா நகரில், 1635இல் ஸ்பானியர் ஒரு கோட்டை கட்டினார்கள். பல தீவிலிருந்து பல மொழி பேசுவோர் அங்கே வேலைக்கும் காவலுக்கும் வந்து கூடினர். காலப்போக்கில் அவர்கள் தமக்குள் பேச ஸ்பானியச் சொற்களை எடுத்துத் தம் மொழிகளின் இலக்கணத்தில் கோத்துக்கொண்டார்கள். சவகானோ என்று அதற்குப் பெயர். எந்த ஆணையும் அதை விதிக்கவில்லை, எந்தப் பள்ளியும் அதற்குத் தேர்வு வைத்துப் பரப்பவில்லை. ஸம்போவாங்காக் குழந்தைகள் இன்றும் அதையே தாய் மடியில் கற்கிறார்கள்.